கேபிளைக் கழற்றி மாட்டினால் விண்டோ எங்கே போகிறது?

லேப்டாப்போடு சேர்த்து வைக்க 27 இன்ச் மானிட்டர் வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். நிறம், வெளிச்சம் எல்லாம் கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம். தினமும் கேபிளைக் கழற்றி மாட்டுகிறவருக்கு வேறு ஒன்றுதான் முக்கியம்: திறந்து வைத்த விண்டோக்கள் பழைய இடத்துக்கே திரும்புமா?

விண்டோஸ் 11-இல் திரும்புகின்றன. செட்டிங்ஸில் டிஸ்பிளே பக்கத்துக்குள் மல்டிபிள் டிஸ்பிளேஸ் என்ற பகுதியில், மானிட்டருக்கு ஏற்ப விண்டோவின் இடத்தை நினைவில் வைக்க ஒரு டிக் இருக்கிறது. மானிட்டரைக் கழற்றியதும் அதிலிருந்தவற்றை மினிமைஸ் செய்ய இன்னொன்று. இரண்டும் போட்டிருக்கிறேன். காலையில் கேபிளை மாட்டியதும் எக்செல் இடது பாதியில், பிரவுசர் வலது பாதியில், மெயில் லேப்டாப் திரையில். நேற்று விட்ட இடத்திலிருந்தே வேலை தொடங்குகிறது. டிஸ்பிளேபோர்ட் என்ற வகைக் கேபிளில் மாட்டிய பல மானிட்டர்கள், சுவிட்சை அணைத்தாலே கேபிள் கழன்றதாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். டீ குடித்துவிட்டு வந்தால் எல்லாம் லேப்டாப் திரையில் குவிந்து கிடக்கும். அந்தத் தொல்லையும் எனக்கு இப்போது இல்லை.

ஆனால் நான் பில் போடும் சாஃப்ட்வேர் இருக்கிறதே, அது கடைசியாக மூடிய இடத்தைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. என் மானிட்டர் லேப்டாப்புக்கு இடப்பக்கம். விண்டோவின் இடம் மெயின் திரையான லேப்டாப்பின் இடது ஓரத்திலிருந்து எண்ணப்படுகிறது; அதற்கும் இடப்பக்கம் போனால் அது மைனஸ் எண்ணாகிவிடும். வெளியூரில் மானிட்டர் இல்லாமல் திறந்தாலும் அதே மைனஸ் இடத்தில்தான் போய் நிற்கிறது. டாஸ்க்பாரில் ஐகான் தெரியும், மவுஸை வைத்தால் குட்டிப் படமும் தெரியும், விண்டோ மட்டும் வராது. கஸ்டமர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்! ஆல்ட்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தி, எம் தட்டி, ஒரு அம்புக்குறியைத் தொட்டுவிட்டு மவுஸை அசைத்தால் அது மவுஸோடு ஒட்டிக்கொண்டு வரும். பில் போட வந்தவன் ஏன் இதையெல்லாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்?

இத்தனைக்கும் இதைச் சரிசெய்வது கஷ்டமான வேலை இல்லை. செட்விண்டோபிளேஸ்மென்ட் என்று விண்டோஸிலேயே ஒரு வசதி உண்டு. சேமித்த இடம் முழுக்கத் திரைக்கு வெளியே இருந்தால், விண்டோ கண்ணில் படும்படி அதுவே நகர்த்திக் கொடுக்கும். அந்தச் சாஃப்ட்வேரை எழுதியவர்கள் அதைப் பயன்படுத்தியிருந்தால் போதும். ஹெல்ப்லைனில் கேட்டால் ஒவ்வொரு முறையும் "ரீஇன்ஸ்டால் பண்ணிப் பாருங்க சார்" என்ற அதே பதில். வருடா வருடம் புதுப்பிக்கப் பணம் மட்டும் சரியாகக் கேட்கிறார்கள்.

மானிட்டர் அருமை, விண்டோஸும் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஆனாலும் நண்பரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவரும் பில் போடுவது அதே சாஃப்ட்வேரில்தான்.