டச் கட்டளை: அப்பத்தா குரலுக்குத் தேதியை மீட்டுத் தந்த கருவி

பாம்பன் தெற்குவாடிப் பக்கம் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உப்புக்காற்று ஹார்ட் டிஸ்க்கைச் சும்மா விடாது. என் பழைய டிஸ்க்கின் யுஎஸ்பி முனை களிம்பேறிப் பச்சையாகிவிட்டது. விண்டோஸில் திறக்கவே இல்லை. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தில் போட்டுத் திறந்து, எல்லா ஃபைலையும் புது டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தார்கள். ஒன்றுகூட விடுபடவில்லை, ஆனால் பதினைந்து வருட ஃபைல்களுக்கும் அந்த ஒரே நாளின் தேதி.

கேட்டதற்கு, "ஃபைல் எல்லாம் வந்துருச்சுல்லண்ணே, தேதி எதுக்கு?" என்றான் கடைத் தம்பி. எதுக்கா? 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனதைப் பற்றி எங்கள் அப்பத்தா பேசியதை ஒரு சின்ன ரெக்கார்டரில் பதிந்து வைத்திருந்தேன். ஃபைல் பெயர் வெறும் எண். எந்த நாளில் பேசினார் என்பதற்கு, ஃபைலோடு பதிந்திருக்கும் 'கடைசியாக மாற்றிய நேரம்' ஒன்றுதான் சாட்சி, அப்பத்தா இப்போது இல்லை.

லினக்ஸில் காப்பி செய்யும் சாதாரண 'சிபி' கட்டளை புது ஃபைலை இப்போதைய நேரத்தோடுதான் உருவாக்கும், 'ஹைஃபன் பி' சேர்த்திருந்தால் பழைய நேரமும் கூடவே வந்திருக்கும். நல்லவேளை, முனையை மாற்றியதும் பழைய டிஸ்க் இன்னும் படிக்கிறது. அங்கேதான் டச் (touch) கைகொடுத்தது, ஃபைலின் தேதி, நேரத்தை மாற்றும் லினக்ஸ் கட்டளை அது. 'டச் ஹைஃபன் ஆர்' போட்டு முதலில் பழைய ஃபைல், அடுத்துப் புது ஃபைல் என்று கொடுத்தால், பழையதன் நேரங்களைப் படித்து அப்படியே புதியதில் பதிக்கிறது. உள்ளே வேலை செய்வது யூடைம்என்ஸ்அட் என்ற சிஸ்டம் கால், அதாவது இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் ஒரு வேலையைச் செய்யச் சொல்லும் அழைப்பு. முன்பிருந்த யூடைம் நொடிக் கணக்கோடு நின்றுவிடும், யூடைம்ஸ் மைக்ரோ நொடிவரை போகும், இது நானோ நொடிவரை ஏற்கும். 2007இல் லினக்ஸ் கெர்னல் 2.6.22இல் வந்தது. கடைசியாகத் திறந்த நேரம், கடைசியாக மாற்றிய நேரம் இரண்டையும் தனித்தனியாக வைக்கலாம், ஒன்றை மட்டும் தொடாமல் விடு என்றும் சொல்லலாம். 'ஹைஃபன் எம்' கொடுத்தால் மாற்றிய நேரம் மட்டும் மாறும்.

சரி, குறைகள். முதல் முயற்சியிலேயே அனுமதி இல்லை என்று வந்தது. ஃபைலில் எழுத எனக்கு உரிமை இருந்தது, அப்புறம் ஏன்? நேரத்தை 'இப்போது' என்று வைக்க எழுதும் உரிமை போதும், பழைய தேதி ஒன்றை வைக்க ஃபைலின் உரிமையாளராகவோ, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராகவோ இருக்க வேண்டும். கடையில் ரூட்டாக இருந்து காப்பி செய்ததால் உரிமையாளர் ரூட். விதி நியாயமானதுதான், ஆனால் வரும் செய்தியில் இந்த விளக்கம் ஒரு வரிகூட இல்லை. ஃபைல் பெயரைத் தப்பாக அடித்தால் அந்தப் பெயரில் காலி ஃபைல் ஒன்றை உருவாக்கிவிடும், அதனால் 'ஹைஃபன் சி' போடாமல் தொடாதீர்கள்.

இன்னொன்று நேர மண்டலம். பழைய டிஸ்க்கில் இப்போது படிக்க முடியாமல் போன சில படங்களுக்கு என் நோட்டைப் பார்த்துக் கையால் தேதி கொடுத்தேன். மீன்பிடித் தடைக்காலத்தில் வரிசையாகக் கட்டிக்கிடக்கும் விசைப்படகுகள், அவற்றின் பின்னால் அப்போதுதான் கிளம்பும் சூரியன், காலை 6.10. மறுநாள் பார்த்தால் அந்தப் படத்துக்கு நேரம் 11.40! பென்டிரைவில் இருந்து ஓடிய லினக்ஸ், நம் நேரத்தில் இல்லாமல் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்திருக்கிறது, ஐந்தரை மணி நேரம் தள்ளிப் பதிந்துவிட்டது. 'ஹைஃபன் ஆர்' போட்டவற்றில் இந்தத் தொல்லையே இல்லை, 1970இலிருந்து எண்ணும் நொடிக்கணக்கு அப்படியே போகிறது.

ஒன்று மட்டும் டச்சால் முடியாது, யூடைம்என்ஸ்அட்டாலும் முடியாது. ஃபைலின் விவரங்களைக் காட்டும் 'ஸ்டாட்' கட்டளையைப் போட்டால் 'சேஞ்ச்' என்று தனியாக ஒரு நேரம் வரும், நாம் தேதியை மாற்றிய நொடியைக் கெர்னல் தானே அங்கே எழுதிவிடும். எனக்கு அது பிடித்திருக்கிறது. அப்பத்தா ஃபைலில் மாற்றிய நேரம் 2011 ஆகஸ்ட் 14, மாலை 4.52, அதன் கீழேயே இந்த வாரத் தேதியும் இருக்கிறது.

பழைய டிஸ்க் உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுங்கள். கடையில் கொடுப்பவர்கள் கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: தம்பி, தேதியோட காப்பி பண்ணுப்பா.