யூகான் ஆற்றுக்கு மூன்றடுக்கு பாலிஎதிலீன் கனூ: பல பருவங்கள் ஓட்டிய பின்

கனடாவின் வைட்ஹார்ஸிலிருந்து டாசன் வரை யூகான் ஆற்றில் சுமார் 715 கி.மீ. இந்த வழி முழுவதும் படகைத் தோளில் தூக்கவேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. எந்தக் கனூ (துடுப்பால் வலிக்கும் திறந்த படகு) எடுப்பது என்ற குழப்பம் இதிலேயே பாதி தீர்ந்துவிடும். 17 அடி பாலிஎதிலீன் (பிளாஸ்டிக்) கனூ 40 கிலோ அளவில் வரும். அதே நீளத்தில் கெவ்லர் என்ற லேசான செயற்கை இழையால் ஆன படகு ஏறக்குறைய பாதி எடைதான். ஏரிக்கு ஏரி சுமந்து கடக்கும் பயணம் என்றால் கெவ்லர்தான் சரி. யூகானிலோ பாரத்தை ஆறு சுமக்கிறது. படகு தினமும் சரளைக் கரையில் உரசுகிறது. இங்கே தடிப்பான அடிப்பகுதிக்குத்தான் மதிப்பு.

பாலிஎதிலீன் படகின் மந்தம் தெரிவது வழியில் வரும் லபார்ஜ் ஏரியில். நீரோட்டமே இல்லாத 50 கி.மீ. சரக்கேற்றிய படகை இருவர் வலித்தால் மணிக்கு 5 கி.மீ. கிடைத்தாலே நல்லது. பிற்பகல் காற்றில் அலை சட்டென்று எழும். அதனால் விடியற்காலையில் கிளம்பி, வலது கரையை ஒட்டியே போகவேண்டும். குறுக்கே வெட்டிப் போய் நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணமே கூடாது. ஜூனிலும் அந்தத் தண்ணீரில் விழுந்தால் சில நிமிடங்களில் விரல்கள் மடங்காது. உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்கவேண்டும், இருக்கைக்கு அடியில் அல்ல.

தேய்மானம் முதலில் அமரத்தின் (பின்முனையின்) அடியில் தெரியும். அணியத்தை (முன்முனையை) பிடித்து இழுக்கும்போது முழுப் பாரமும் அங்கேதான் உரசுகிறது. இருவரும் இரு முனையையும் தூக்கி வைத்தால் ஆயுள் கூடும். கெவ்லர் தேய்ப்புப் பட்டையை எபாக்சியால் ஒட்டலாம் என்று பலர் முயல்வார்கள். பாலிஎதிலீனில் அந்தப் பசை சரியாகப் பிடிக்காது, விளிம்பிலிருந்து உரிந்துவரும். கீறலில் சுருண்டு நிற்கும் பிசிரைக் கத்தியால் சீவிவிட்டால் போதும். வெயிலில் வண்டியின் மேல் பட்டையை இறுக்கிக் கட்டினால் பள்ளம் விழும். அவிழ்த்து வெயிலில் வைத்தால் பெரும்பாலும் தானே நிமிர்ந்துவிடும்.

இருக்கை போல்ட்டுகள்தான் உண்மையான தொல்லை. அதிர்வில் அவை தளரும், மூன்றாம் நாளே ஆட்டம் தெரியும். நைலான் பூட்டு நட்டுகள் நான்கு, அளவான ஸ்பானர் ஒன்று, உதிரித் துடுப்பு ஒன்று: இவை இல்லாமல் கிளம்பக்கூடாது.

60 லிட்டர் பீப்பாய்களை நடுவில், தரையோடு ஒட்டி வைத்துக் கட்டவேண்டும். சரக்கேற்றிய பின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே 15 செ.மீ. ஆவது தெரியவேண்டும். எதிர்க்காற்றில் ஒரு பையை முன்னால் நகர்த்துங்கள். அணியம் லேசாக இருந்தால் காற்று அதைத் திருப்பிக்கொண்டே இருக்கும்.

கார்மாக்ஸ் ஊருக்குக் கீழே ஐவிரல் விரைவோட்டம் (Five Finger Rapids), அதாவது ஆறு பாறைகளிடையே வேகமாகப் பாயும் இடம். நான்கு பாறைத் தீவுகள் ஆற்றை ஐந்தாகப் பிரிக்கின்றன. போகவேண்டியது வலது ஓரக் கால்வாய் மட்டும். தூரத்திலேயே வலது கரைக்கு வந்து, நீர் நாக்குப் போல வழுவழுப்பாக இறங்கும் நடுவில் படகை நேராக விடவேண்டும். கீழே நிற்கும் அலைகளில் பயந்து துடுப்பை நிறுத்தினால் படகு பக்கவாட்டில் திரும்பிவிடும், கவிழ்வது அப்படித்தான். அதற்குப் பின் சுமார் 10 கி.மீ. தள்ளி வரும் ரிங்க் விரைவோட்டத்திலும் வலப்புறமே.

இரவில் ஆறு ஏறக்கூடும். படகைக் கவிழ்த்து, மேட்டில் ஏற்றி, மரத்தில் கட்டாமல் தூங்கவேண்டாம்.

வைட் ஆறு வந்து கலந்த பின் தண்ணீர் சாம்பல் நிறமாகும். வண்டல் அடிப்பகுதியில் உரசும் 'ஸ்ஸ்' ஒலி டாசன் வரை கூடவே வரும். படகுக்குக் கேடில்லை. குடிநீர் வடிகட்டிதான் உடனே அடைத்துக்கொள்ளும். வாளியில் இரவு முழுதும் தெளியவிட்டு மேல் நீரை மட்டும் எடுங்கள். அதைவிட நல்லது, தெளிந்த கிளை ஓடையின் முகத்துவாரம் கண்ணில் பட்டதும் எல்லாக் குடங்களையும் நிரப்பிக்கொள்வது.