ஆயிரத்துச் சொச்சம் பேர், ஒரு புள்ளி

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "நீங்க வம்சாவளி போடுற அந்த சாஃப்ட்வேர் பாதி விலைக்கு வந்திருக்கே, வாங்கலாமா?" ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை. மூன்று வருஷக் கடுப்பு உள்ளே கிடக்கிறது.

என்னென்ன செய்யும், எந்தக் கணினியில் ஓடும் என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருப்பதால் விட்டுவிடுகிறேன். நான் அதில் என் குடும்பத்தைப் போடவில்லை. இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட் (1312–1377) வாரிசுகளைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பதினைந்தாம் நூற்றாண்டில் அவர்கள் அரியணைக்காகப் போட்ட, ரோஜாப் போர்கள் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கும் அந்தப் பங்காளிச் சண்டையை ஒரே படத்தில் பார்க்க வேண்டும் என்று ஆசை. இதுவரை ஆயிரத்துச் சொச்சம் பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

என் உயிரை வாங்குவது ஒரே ஒரு கட்டம்: குடும்பப் பெயர். காலியாக விட்டால் சேமிக்காது. இனிஷியலோடு வாழ்கிற நமக்கு இந்த வலி புதிதில்லை. பாஸ்போர்ட்டில் பட்டது போதாதென்று பதினான்காம் நூற்றாண்டிலும் படுகிறேன். எட்வர்டின் பிள்ளைகளை வரலாறு பிறந்த ஊரோடு சேர்த்துச் சொல்கிறது. ஆன்ட்வெர்ப்பில் பிறந்த லயனல், இன்றைய பெல்ஜியத்தின் கென்ட் (Ghent) நகரில் பிறந்த ஜான் ஆஃப் கான்ட், எட்மண்ட் ஆஃப் லாங்லி. மூத்தவர் கறுப்பு இளவரசரும் கடைக்குட்டி தாமஸும் வுட்ஸ்டாக். அதை அப்படியே கட்டத்தில் போட்டேன். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த ஐந்து பேரை நான்கு குடும்பமாகப் பிரித்து வைத்துவிட்டது. அந்த அரச வம்சத்துக்கு வழங்கும் பெயரான 'பிளான்டாஜெனட்' என்று போட்டால் தீர்ந்துவிடுமே என்பார்கள். அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டது பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் யார்க் டியூக் ரிச்சர்ட். அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்கு அதை எப்படி ஒட்டுவது? கடைசியில் எல்லோருக்கும் ஒரு புள்ளி வைத்தேன். வெறும் '.'

பட்டத்துக்கும் ஒரே கட்டம்தான், அதில் தேதி போட வழியில்லை. ஜான் ஆஃப் கான்ட்டின் மகன் ஹென்றி பாலிங்புரோக் முதலில் டெர்பி ஏர்ல், 1397இல் ஹெரஃபோர்ட் டியூக், 1399இல் அப்பா செத்ததும் லங்காஸ்டர் டியூக், அதே வருஷம் அரசர் நான்காம் ஹென்றி. கடைசிப் பட்டம்தான் நிற்கும் என்பதால், 1398இல் அவர் நாடு கடத்தப்பட்ட வரியில் "அரசர் நான்காம் ஹென்றியை அரசர் இரண்டாம் ரிச்சர்ட் நாடு கடத்தினார்" என்று அச்சாகிறது.

போதாக்குறைக்கு, ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருந்தால் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று ஒரு வசதி வேறு. எட்மண்ட் போஃபோர்ட், சாமர்செட் டியூக். அவர் மகன் எட்மண்ட் போஃபோர்ட், அவரும் அதே பட்டத்துக்கு உரிமை கொண்டாடியவர். "இருவரும் ஒருவரா?" என்று கேட்டது. தூக்கக் கலக்கத்தில் 'ஆம்' அழுத்திவிட்டேன். 1455இல் செயின்ட் ஆல்பன்ஸ் சண்டையில் விழுந்த மனிதருக்கு 1471இல் டியூக்ஸ்பரியில் தலையை வெட்டினார்கள். பிரித்து எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

இவ்வளவு திட்டியும் ஏன் விடவில்லை என்றால், 'உறவு காட்டு' என்ற பொத்தான். இரண்டு பேரைச் சொன்னால், பொது மூதாதை வரை இரண்டு ஏணி போட்டுக் காட்டும். அந்தச் சண்டையின் முடிவில் அரசரான ஏழாம் ஹென்றியையும் அவர் மனைவி எலிசபெத்தையும் கொடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'தேர்ட் கசின்' என்று முடித்துக்கொண்டது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, ஏணியில் நம் முறை வைத்து ஏறினேன்.

ஹென்றியின் அம்மா மார்கரெட் போஃபோர்ட். அவர் அப்பா ஜான், தாத்தா இன்னொரு ஜான், அதற்கு மேலே ஜான் ஆஃப் கான்ட். எலிசபெத்தின் அப்பா நான்காம் எட்வர்ட். அவருக்கு மேலே அப்பா, தாத்தா இரண்டு ரிச்சர்டு, அதற்கு மேலே எட்மண்ட் ஆஃப் லாங்லி. கான்ட்டும் லாங்லியும் அண்ணன் தம்பி. ஆண்வழியாகவே இறங்கி வந்தால் எட்வர்டும் மார்கரெட்டும் பங்காளி வீட்டு அண்ணன் தங்கை. எட்வர்ட் ஒரு வயசு மூத்தவர். அண்ணன் மகள் எலிசபெத், தங்கை மகன் ஹென்றி. மாமன் மகள்!

சந்தேகப்பட்டு அடுத்த ஏணியிலும் ஏறினேன். எட்வர்டின் அம்மா செசிலி நெவில், அவர் அம்மா ஜோன், கான்ட்டின் மகள். இந்த ஜோனும் மார்கரெட்டின் தாத்தாவும் கூடப் பிறந்தவர்கள். அப்படியென்றால் மார்கரெட்டின் அப்பா செசிலிக்கு மாமன் மகன். அம்மாவைக் கட்டிக்கொள்ளும் முறையுள்ளவர் பிள்ளைக்குப் பெரியப்பா ஸ்தானம். மறுபடியும் எட்வர்டும் மார்கரெட்டும் அண்ணன் தங்கைதான், மறுபடியும் மாமன் மகள்தான். திருச்சபைக் கணக்கிலோ அது தடைப்பட்ட உறவு. 1486 ஜனவரியில் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு ரோமின் விலக்கு தேவைப்பட்டது. முறைப்பெண்ணைக் கட்ட போப்பிடம் அனுமதி! அன்று ராத்திரி தூங்கப் போகும்போது மணி இரண்டு. ஒரு மென்பொருள் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

சரி, வாங்கலாமா? உங்கள் வீட்டு நான்கு தலைமுறையைப் போட வேண்டுமென்றால் இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. நேற்று கேட்டிருந்தால் நாலு போட்டிருப்பேன். இன்று காலை அப்டேட் முடிந்து திறந்தேன். நான் வைத்த புள்ளிகளையெல்லாம் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதி வைத்திருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் பேர், அத்தனை பேரும் இப்போது தெரியவில்லை குடும்பம். படத்தின் உச்சியில் நிற்பவர் எட்வர்ட் தெரியவில்லை.