‘அவன்’ எப்போது ‘அவர்’ ஆகிறான்?

உணவு விடுதியில் ஒரு கிழவன் இன்னும் கொஞ்சம் ரொட்டி கேட்கிறான். அதற்கு அரைப் பென்னி கூடுதலாக ஆகும் என்கிறான் பரிமாறுபவன். அப்படியானால் ரொட்டி வேண்டாம். 1951ஆம் ஆண்டுப் படத்தில் வரும் இந்தக் காட்சி ஒரு நிமிடம்கூட ஓடாது. எபநேசர் ஸ்குரூஜ் யார் என்று சொல்ல அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்று நாம் சொல்லும் கருமி பிறருக்குக் கொடுக்க மாட்டான். இவன் தன் வயிற்றுக்கே கொடுக்க மாட்டான்.

சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ 1843 டிசம்பர் 19 அன்று வெளியானது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் செத்துப்போன கூட்டாளி மார்லியின் ஆவியும், அதன்பின் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் காட்டும் மூன்று ஆவிகளும் வந்துபோக, கருமி ஸ்குரூஜ் விடிந்ததும் திருந்திவிடுகிற கதை. முதலில் அச்சிட்ட 6,000 பிரதிகள் கிறிஸ்துமஸுக்குள் விற்றுத் தீர்ந்தன. 1901இலேயே பிரிட்டனில் அதைச் சலனப்படமாக எடுத்துவிட்டார்கள். அதன்பின் வந்தவற்றை எண்ணி முடிக்க முடியாது. கறுப்பு வெள்ளை, வண்ணம், பாட்டுப் படம், கார்ட்டூன், பொம்மைகள் நடித்தது, கணினியில் வரைந்தது என்று எல்லா வகையிலும் ஒரு ஸ்குரூஜ் உண்டு. டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டில் எதைப் போடுவது என்பதில்தான் தகராறு.

இவற்றை அளக்க என்னிடம் ஒரு கோல் இருக்கிறது. அதைக் கொடுத்தவர் என் அம்மா. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து நான் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஹி’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கதையை முடித்துவிடலாம். தமிழில் முதல் வாக்கியத்திலேயே ‘அவனா, அவரா’ என்று முடிவு செய்தாக வேண்டும். கடனாளியை விரட்டுகிற, குமாஸ்தாவின் கணப்பில் கூடுதலாக ஒரு கரித்துண்டு போட விடாத ஆளுக்கு ‘அவர்’ என்ற சொல் வாயில் வராது. ஆகவே ‘அவன்’ என்று தொடங்குவேன். கிறிஸ்துமஸ் காலையில் திருந்தி எழுந்தவனை அதற்குப் பிறகும் ‘அவன்’ என்று சொல்லவும் முடியாது. எந்த இடத்தில் என் வாய் தானாக மாறுகிறது? அந்த மாற்றத்தைக் கேட்டு வாங்குகிற படமே நல்ல படம்.

முதலில் 1951. பிரிட்டனில் இதன் பெயர் ‘ஸ்குரூஜ்’. இயக்கம் பிரையன் டெஸ்மண்ட் ஹர்ஸ்ட், ஸ்குரூஜாக அலஸ்டேர் சிம். அமெரிக்காவில் வெளியானபோது வசூல் சுமார்தான். தொலைக்காட்சியில் ஆண்டுதோறும் காட்டிக் காட்டியே அங்கே பெயர் வாங்கியது. மற்றப் படங்கள் ஸ்குரூஜின் இளமைக்காலத்தை ஒரு பாடம்போல ஒப்பித்துவிட்டு நகரும். இந்தப் படம் அங்கே நிதானமாக உட்கார்ந்துகொள்கிறது. தங்கை ஃபேன் பிள்ளை பெற்றுச் சாகும் காட்சியைத் திரைக்கதையாசிரியர் நோயல் லாங்லி புதிதாக எழுதிச் சேர்த்தார். இளம் ஸ்குரூஜ் துக்கம் தாளாமல் அறையை விட்டு வெளியேறிவிடுகிறான். என் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று அவள் கடைசி மூச்சில் சொன்னது அவன் காதில் விழவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்து, ஆவியின் பக்கத்தில் நிற்கும் கிழவனுக்கு அது கேட்கிறது. அந்தப் பிள்ளைதான் முன்பு விருந்துக்கு அழைக்க வந்து திட்டு வாங்கிப் போன மருமகன் ஃபிரெட்.

புத்தகத்தில் இது இல்லை. டிக்கன்ஸ் ஃபேன் இறந்துபோனதை ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டுப் போகிறார். மூலத்தை மாற்றினால் முகம் சுளிப்பவன் நான். இங்கே மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன்.

பிறகு காலை. வீட்டு வேலை செய்யும் மிஸஸ் டில்பர் உள்ளே வருகிறாள். குதித்துக்கொண்டும் பாடிக்கொண்டும் தலைகீழாக நிற்கப் பார்த்துக்கொண்டும் இருக்கிற கிழவனைக் கண்டதும் அலறியடித்துப் படிக்கட்டில் ஓடுகிறாள். இவர் துரத்திப் பிடித்துக் கையில் ஒரு கினி நாணயத்தை வைத்து, சம்பளத்தையும் உயர்த்துகிறார். பார்த்தீர்களா, ‘இவர்’ என்று எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தப் படிக்கட்டில்தான் வாய் மாறுகிறது. சிம்மின் முகத்தில் தெரிவது வெறும் மகிழ்ச்சி மட்டும் அல்ல. இவ்வளவு மகிழ்ச்சிக்கு எனக்கு என்ன தகுதி என்ற கூச்சமும் சேர்ந்தே தெரிகிறது. அந்தக் கூச்சம் பிற்பாடு ஃபிரெட்டின் வீட்டு வாசலில் முழுசாக வெளிப்படும். உள்ளே பாட்டு ஒலிக்கிறது, கூடத்துக் கதவைத் திறக்கக் கை வரவில்லை. கோட்டை வாங்கிக்கொண்ட வேலைக்காரப் பெண் ஒன்றும் பேசாமல், போங்கள் என்பதுபோல் தலையை மட்டும் அசைக்கிறாள். படத்தில் அவளுக்கு வேறு வேலையே கிடையாது. எனக்கு அழுகை வரும் இடம் அதுதான்.

அதே காலைக் காட்சியில் ஸ்குரூஜ் முகம் பார்க்கும் கண்ணாடியில் படப்பிடிப்புக் குழுவைச் சேர்ந்த ஒருவர் தெரிவார். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் தப்பவே முடியாது. அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

இதற்கு நேர் போட்டி 1984இல் வந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் எடுத்த படம், ஸ்குரூஜாக ஜார்ஜ் சி. ஸ்காட். இயக்கிய கிளைவ் டோனர் யார் என்று பார்த்தால், 1951 படத்தின் படத்தொகுப்பாளர்! முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் வெட்டி ஒட்டிய கதையை அவரே மீண்டும் எடுத்திருக்கிறார். சிம்மைப்போல் இன்னொருவரைத் தேடாமல் அதற்கு நேர் எதிரான ஆளைப் பிடித்தது அவருடைய கெட்டிக்காரத்தனம்.

சிம் ஒட்டடைக்குச்சிபோல் இருப்பார், கண் மட்டும் முட்டை அளவு. ஸ்காட்டுக்குக் கதவை அடைக்கும் உடம்பு, பளபளக்கும் தொப்பி. ரொட்டிக்கு அரைப் பென்னி கணக்குப் பார்க்கிற ஆளாக அவரை நினைக்கவே முடியாது. வணிகர்கள் கூடும் எக்ஸ்சேஞ்சில் நின்று தானிய விலை பேசுகிறார். நேற்றே வாங்கியிருக்க வேண்டும், தாமதித்ததால் ஐந்து சதவீதம் கூடுதல், நாளைக்கு வந்தால் இன்னும் ஐந்து. குரல் உயர்வதில்லை. அம்மா இந்தப் படத்தை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “இவர் மண்டிக்காரரா?” என்று கேட்டார். ‘இவர்’! நான் ‘அவன்’ என்று சொல்லிக்கொண்டிருந்ததை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஸ்காட் முதல் காட்சியிலேயே மரியாதையைப் பறித்துக்கொள்கிறார். அது பணத்துக்கும் தோரணைக்கும் நாம் பழக்கத்தால் கொடுக்கிற மரியாதை. டிக்கன்ஸ் எழுதியது இப்படிப்பட்ட ஆட்களைப் பற்றித்தான் என்று இந்தப் படத்தைப் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது.

புத்தகத்தின் கோபம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. தந்தை கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் கிடந்தபோது பன்னிரண்டு வயது டிக்கன்ஸ் பூட்ஸ் பாலிஷ் தொழிற்சாலையில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். ஏழைகளுக்கு நன்கொடை கேட்டு வருபவர்களிடம், ‘சிறைச்சாலைகள் இல்லையா, ஏழை விடுதிகள் இல்லையா?’ என்று ஸ்குரூஜ் கேட்பதும், அங்கே போவதைவிடச் சாவார்கள் என்றால் செத்து மிகை மக்கள்தொகையைக் குறைக்கட்டும் என்பதும் உதவி கேட்பவர்களை விடுதிக்குள் தள்ளிய 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தை ஆதரித்தவர்களின் குரல். சிம் அதைச் சொல்லும்போது ஒரு சிடுமூஞ்சியின் புலம்பலாக இருக்கிறது. ஸ்காட் சொல்லும்போது அரசாங்கக் கொள்கையாக ஒலிக்கிறது, சற்று நடுங்க வைக்கிறது. பின்னால் நிகழ் கிறிஸ்துமஸின் ஆவி, அறியாமை, வறுமை என்னும் இரண்டு எலும்புக் குழந்தைகளை அங்கியை விலக்கிக் காட்டி அதே வார்த்தைகளைத் திருப்பி வீசுகிறது. ஆவியாக வரும் எட்வர்ட் வுட்வர்ட் சிரித்துக்கொண்டே அறைகிற ரகம். அந்த இடத்தில் 1984ஐ எதுவும் நெருங்க முடியாது.

ஆனால் காலை விடிந்ததும் ஸ்காட் கொஞ்சம் சறுக்குகிறார். அவ்வளவு பெரிய உடம்பு கட்டிலில் குதிப்பதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது. மனம் மாறிய முதலாளி தெரிகிறார், புதிதாகப் பிறந்த மனிதர் தெரியவில்லை. ஏற்கெனவே ‘அவர்’ ஆகிவிட்டவரை இனி எங்கே உயர்த்துவது?

கடைசி ஆவி காட்டும் கல்லறைக்காக ஷ்ரூஸ்பரியின் புனித சாட் ஆலய வளாகத்தில் ஸ்குரூஜின் பெயரைக் கல்லில் செதுக்கினார்கள். படம் முடிந்த பிறகும் கல் அங்கேயே இருந்தது, ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். 2024 நவம்பரில் யாரோ அதை உடைத்துவிட்டார்கள். வாழாத மனிதனின் கல்லறைக்கும் விரோதி இருக்கிறான்.

மூன்றாவது 1992இன் ‘தி மப்பெட் கிறிஸ்துமஸ் கேரல்’. தவளை கெர்மிட் குமாஸ்தா பாப் கிராட்சிட். மிஸ் பிக்கி அவன் மனைவி. நன்கொடை கேட்டு வருவதும் பொம்மைகள்தாம். இதைக் குழந்தைகள் சமாச்சாரம் என்று பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்திருந்தது என் மடமை. மைக்கேல் கேய்ன் ஒரு கண் சிமிட்டல்கூட இல்லாமல், எதிரே நிற்பவர்கள் துணியும் பஞ்சும் என்ற நினைப்பே இல்லாமல், ஷேக்ஸ்பியர் நாடக மேடையில் நிற்பதுபோல் நடிக்கிறார். அதனால் பொம்மைகளும் மனிதர்களாகிவிடுகின்றன. வளைந்த மூக்குக் கோன்சோ டிக்கன்ஸாக வந்து, எலி ரிஸோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதை சொல்கிறது. அது சொல்வதில் கணிசமான பகுதி புத்தகத்தின் சொந்த வரிகள். மற்றப் படங்கள் கதையை எடுத்துக்கொண்டு கதைசொல்லியை விட்டுவிட்டன. டிக்கன்ஸின் குறும்புக்குரல் முழுதாகக் கேட்பது பொம்மைப் படத்தில்தான் என்பது வேடிக்கை. மப்பெட்டுகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் 1990இல் இறந்துபோனார். அவருடைய மகன் பிரையன் ஹென்சன்தான் இதை இயக்கினார். பாபின் நோயாளிப் பிள்ளை டைனி டிம்மின் காலி நாற்காலியைச் சுற்றிக் கெர்மிட் குடும்பம் உட்காரும்போது, எடுத்தவர்களின் துக்கமும் அதில் கலந்திருக்குமோ என்று தோன்றும்.

இதில் ஒரு வெட்டுக்காயம் இருக்கிறது. பணத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற இளம் ஸ்குரூஜை விட்டுப் பிரியும் பெல் ஒரு பாட்டுப் பாடுகிறாள். குழந்தைகளுக்கு அலுப்புத் தட்டும் என்று தயாரிப்புத் தரப்பு திரையரங்குப் பிரதியில் அதை நீக்கிவிட்டது. பாட்டு இருக்கும் பிரதியில், அவளுக்குப் பின்னால் நிற்கும் கிழட்டுக் கேய்ன் தானும் சேர்ந்து பாட முயன்று உடைந்துபோகிறார். என் வாய் மாறுகிற இடம் அது. மற்ற எந்தப் படத்திலும் இவ்வளவு சீக்கிரம் மாறாது. வெட்டிய பிரதியில் அந்தக் கண்ணீர் எதற்கு என்றே புரியாது. கடைசியில் அதே மெட்டில் எல்லோரும் பாடுவதற்கும் பொருள் இராது. தொலைந்ததாக நினைத்த மூலச்சுருளைக் கண்டெடுத்து, 2022இல் டிஸ்னியின் இணையச் சேவையில் முழுப் பிரதியையும் சேர்த்தார்கள். தேடி அதைத்தான் போட வேண்டும். குறையும் உண்டு. அறியாமை, வறுமை என்ற இரண்டு குழந்தைகள் இதில் வருவதில்லை. குழந்தைகள் படத்தில் அந்தக் குழந்தைகளுக்கு இடமில்லாமல் போயிற்று.

மற்றவை சுருக்கமாக.

நேரம் இல்லாதவர்களுக்கு ரிச்சர்ட் வில்லியம்ஸின் 1971 அசைபடம். இருபத்தைந்து நிமிடம்தான், ஆஸ்கர் வாங்கியது. முதல் பதிப்புக்கு ஜான் லீச் வரைந்த படங்கள் உயிர்பெற்று எழுந்ததுபோல் இருக்கும். குரல் அதே அலஸ்டேர் சிம், மார்லியாக 1951இல் அலறிய அதே மைக்கேல் ஹோர்டன். சுரங்கத் தொழிலாளர் குடிசை, கலங்கரை விளக்கம், நடுக்கடல் கப்பல் ஆகிய இடங்களிலும் கிறிஸ்துமஸ் நடப்பதைப் புத்தகம் சொல்கிறது. பெரிய படங்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் அந்தப் பக்கங்களை இந்தச் சிறிய படம் காட்டுகிறது. சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள்.

1983இல் வந்த டிஸ்னியின் ‘மிக்கீஸ் கிறிஸ்துமஸ் கேரல்’ அதே நீளம், பயமில்லை. கருமி வாத்து ஸ்குரூஜ் மெக்டக்குக்குப் பெயர்ப் பொருத்தம் முன்பே அமைந்திருந்தது. என் அளவுகோல் அங்கே செல்லாது. “அது வாத்துதானே” என்று அம்மா ‘அது’விலேயே நின்றுவிட்டார்.

1970ஆம் ஆண்டுப் பாட்டுப் படத்தில் ஆல்பர்ட் ஃபின்னி முப்பத்து நான்கு வயதில் கிழவர் வேடம் போட்டிருக்கிறார். ஒரு பாட்டுக்காக மட்டும் பார்க்கலாம். கடன்பட்டவர்கள் எல்லாம் தெருவில் ஆடிப்பாடி நன்றி சொல்ல, எதற்கென்று தெரியாமல் ஸ்குரூஜும் சேர்ந்து ஆடுகிறான். அவனுடைய சாவைத்தான் கொண்டாடுகிறார்கள். கறுப்பு நகைச்சுவையில் இதற்கு ஈடு வேறு எந்த ‘கேர’லிலும் இல்லை.

ராபர்ட் செமெக்கிஸ் 2009இல் ஜிம் கேரியை வைத்துக் கணினியில் எடுத்தது எனக்கு ஒட்டவில்லை. வசனங்கள் புத்தகத்துக்கு மிகவும் விசுவாசம். ஆனால் கிழவனை ஆகாயத்தில் பறக்கவிடுகிறார்கள், எலியளவு சுருக்கிக் குதிரை வண்டிக்கு முன்னால் ஓடவிடுகிறார்கள். ஓடுகிறவனுக்கு மனம் மாற நேரம் ஏது?

இந்த ஆண்டுக்கான ஏற்பாடு இது. 24ஆம் தேதி மாலை மப்பெட், பாட்டு வெட்டாத பிரதி. பிள்ளைகள் தூங்கியதும் விளக்கை அணைத்துவிட்டு 1951. ஸ்காட்டின் படம் 26ஆம் தேதிக்கு, இனிப்பெல்லாம் தின்று தீர்ந்து வயிறு மந்தமான பிறகு. 1951ஐத் தனியாகப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். இந்த முறை கதை சொல்ல ஆள் தேவையில்லை, எல்லாம் மனப்பாடம் என்கிறார் அம்மா. அந்த வேலைக்காரப் பெண் தலையசைக்கும் இடத்துக்கு மட்டும் தன்னை எழுப்பினால் போதுமாம்.