பழைய சேஸிஸுக்குப் புதுக் கூடு: ஹரியானா ஜீப் பாடியும் கடலூர்க் காற்றும்

பழைய காரின் உடற்கூட்டைப் புதிதாகவே அச்சடித்து விற்கும் தொழில் அமெரிக்காவில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. 1969-ஆம் ஆண்டுக் கமாரோவுக்கும் 1967-ஆம் ஆண்டு மஸ்டாங்குக்கும் அந்தந்த நிறுவனங்களின் உரிமத்தோடு டைனாகார்ன் என்ற கலிஃபோர்னிய நிறுவனம் முழுக் கூட்டையும் விற்கிறது. அதற்குள் எந்த எஞ்சினை வைப்பது, எந்த கியர்பாக்ஸைப் பூட்டுவது என்பது வாங்குபவரின் விருப்பம். இந்தியாவின் மசில் கார் என்று ரசிகர்கள் செல்லமாக அழைக்கும் கான்டெஸாவுக்கு இப்படி ஒரு வாய்ப்பு அமையவில்லை. வாக்ஸால் விக்டரின் வடிவில் 1984-இல் இங்கே வந்த அந்த வண்டிக்கு, துரு ஏறாத ஒரு கதவு கிடைத்தாலே உரிமையாளர்கள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள். புதுக் கூடு எளிதாகக் கிடைக்கும் பழைய வண்டி என்றால் நம் பக்கத்தில் அது ஜீப்தான்.

அந்தக் கூடுகள் பெரும்பாலும் வடக்கிலிருந்து வருகின்றன. ஹரியானாவின் சிர்சா மாவட்டத்தில், பஞ்சாப் எல்லையை ஒட்டியிருக்கும் மண்டி டப்வாலி என்ற ஊர், ஜீப் கட்டும் பட்டறைகளுக்காக நாடு முழுவதும் பெயர் பெற்றது. அங்கிருந்து வாங்கிய சிஜே-3பி வகைப் பாடி ஒன்றைக் கடலூர் செம்மண்டலத்தில் ஒரு டிங்கரிங் பட்டறையில், பழைய சேஸிஸ் எனும் அடிச்சட்டத்தின் மேல் ஏற்றி முடித்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். வண்டி சாலையில் ஓடத் தொடங்கி ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது என்பதால், பளபளப்பு தீர்ந்த பிறகு எஞ்சுவது என்ன என்பதைப் பற்றியும் ஓரளவு சொல்ல முடிகிறது.

மஸ்டாங் போன்ற கார்களில் கூடே எலும்பு. தனியான சட்டம் என்று ஒன்று கிடையாது. கூட்டை மாற்றினால் வண்டியின் அடையாள எண்ணே கேள்விக்குள்ளாகும். ஜீப்பில் கதை வேறு. எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சுகள் எல்லாம் இரும்புச் சட்டமான சேஸிஸோடு பூட்டப்பட்டிருக்க, மேலே இருக்கும் தொட்டி போன்ற பாடி சில போல்ட்டுகளாலும் ரப்பர் பட்டைகளாலும் மட்டுமே பிடிக்கப்பட்டிருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள எண் சேஸிஸில் வெட்டப்பட்டிருப்பதால், சேஸிஸ் நல்ல நிலையில் இருந்து ஆவணங்களும் சரியாக இருந்தால் புதுக் கூட்டுக்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு. சேஸிஸே அரித்துப்போயிருந்தால் மேலே எதை வைத்தும் பயனில்லை.

சிஜே-3பி என்பது வில்லிஸ் நிறுவனம் 1953-இல் அறிமுகப்படுத்திய, பானட் உயர்ந்த ஜீப். அதில் பொருத்திய ஹரிகேன் எஞ்சினில் உள்வாங்கும் வால்வுகள் மேல் தலைக்குள் அமைந்ததால் எஞ்சினின் உயரம் கூடிற்று. அதற்கு இடம் கொடுக்கத்தான் பானட்டை உயர்த்தினார்கள். மஹிந்திரா நிறுவனம் பல பத்தாண்டுகள் இங்கே தயாரித்ததும் அந்த உருவத்தைத்தான். பிரதி எடுக்கும் பட்டறைகள் இந்த உருவத்தில் தவறுவதே இல்லை. முன்பக்கக் கிராதியின் ஏழு பிளவுகள், மட்கார்டின் தட்டையான விளிம்பு, மடக்கக்கூடிய கண்ணாடிச் சட்டம் எல்லாம் கண்ணுக்கு அப்படியே இருக்கின்றன. இதே உருவம் காரணமாக மஹிந்திராவின் ராக்ஸர் வண்டி அமெரிக்காவில் வழக்கைச் சந்தித்து முகத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது என்பதை நினைத்தால், இந்தப் பட்டறைகள் எத்தனை நிம்மதியாகத் தொழில் செய்கின்றன என்று வியப்பாக இருக்கிறது.

குறை இருப்பது கண்ணில் படாத இடங்களில். பாடி முழுவதும் 18 கேஜ் தகடு, அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர் தடிமன் என்று சொல்லியிருந்தார்கள். அளந்து பார்த்ததில் தரையும் பக்கச் சுவர்களும் அப்படியே இருந்தன. ஆனால் தரைக்கு அடியில் குறுக்காக ஓடி, பாடியின் எடையைச் சேஸிஸ் மேல் இறக்கும் வளைத்த சட்டங்கள் அதே மெல்லிய தகட்டிலேயே செய்யப்பட்டிருந்தன. அவற்றை இன்னும் தடிமனாக, 16 கேஜிலாவது செய்திருக்க வேண்டும் (கேஜ் எண் குறையக் குறையத் தகட்டின் தடிமன் கூடும்). போல்ட் துளைகளைச் சுற்றிக் கனமான தகட்டுத் துண்டுகளை வெல்டு செய்து பலப்படுத்திய பிறகே வண்டியில் ஏற்றினோம். துளைகளின் இடைவெளியும் எல்லா இடங்களிலும் பொருந்தவில்லை. முன்புற இரண்டும் சரியாக உட்கார்ந்தன, பின்புறத்தவற்றை அரைவிரல் அளவுக்கு நீள்துளையாக்க வேண்டியிருந்தது. இத்தகைய பாடியை எடுத்தவுடன் இறுக்கிவிடக் கூடாது. மூலைக்கு மூலை அளந்து, தேவைப்படும் இடத்தில் மெல்லிய தகட்டுத் துண்டை ரப்பருக்கு அடியில் செருகிச் சமன் செய்யாவிட்டால் முழுத் தொட்டியும் முறுக்கிக்கொண்டு, பானட்டுக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் இடையே உள்ள சந்து ஒருபுறம் அகன்றும் மறுபுறம் நெருங்கியும் நிற்கும்.

எஞ்சினுக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள சுவர்த் தகடுதான் அதிக வேலை வாங்கியது. பழைய சிஜே-3பியில் கிளட்ச், பிரேக் மிதிகள் தரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். பிற்கால வண்டிகளில் அவை மேலிருந்து தொங்கும். அனுப்பப்பட்ட பாடியில் இரண்டுக்கும் பொதுவாக ஏதோ துளைகள் போடப்பட்டிருந்தன, இரண்டுக்கும் அவை பொருந்தவில்லை. கியர் நெம்புகோல்களுக்கான மூடியும் அப்படித்தான். இந்த வண்டியின் மூன்று கியர் பெட்டிக்கு ஒன்று, எஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு இரண்டு என மூன்று நெம்புகோல்கள் வர வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பெரிய துளை வாயைப் பிளந்துகொண்டிருந்தது. டிங்கர் மேஸ்திரி அவற்றையெல்லாம் அடைத்து, மாதிரி அட்டை வெட்டி வைத்துப் பார்த்துப் புதிதாகத் துளையிட்டார். அவருடைய கூலி, ஹரியானாவிலிருந்து பாடி வந்து சேர்ந்த லாரி வாடகையைத் தாண்டிவிட்டது.

இனி துரு. உள்நாட்டு ஊரில் இந்தப் பாடியை வாங்குபவருக்கு இது ஒரு பத்தியில் முடிந்துவிடும் விஷயம். தேவனாம்பட்டினத்திலிருந்து வீசும் உப்புக் காற்றில் வண்டியை நிறுத்துபவருக்கு இதுவே முழு விஷயம். பாடி சிவப்பு ஆக்சைடு பூசி வந்தது. பார்க்கப் பாதுகாப்பாகத் தோன்றினாலும், பிரைமர் பூச்சு நுண்துளைகள் உடையது. மேலே வண்ணப் பூச்சு ஏறாத வரை ஈரம் அதன் வழியாகத் தகட்டைத் தொட்டுக்கொண்டேயிருக்கும். பூச்சைச் சுரண்டியபோது பல இடங்களில் இளந்துரு மேலேயே பூசியிருந்தது தெரிந்தது. அதைவிட மோசம், தகடும் தகடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஸ்பாட் வெல்டு ஆன இடங்கள். அங்கே உட்புறத்தில் எந்தப் பூச்சும் இல்லை. வெல்டு செய்வதற்கு முன்பே துத்தநாகம் கலந்த பிரைமரை அங்கே பூசுவது பெரிய செலவில்லை, ஆனாலும் செய்யவில்லை. உப்பு ஈரம் அந்தச் சந்துக்குள் நுழைந்தால் வெளியேறாது. துரு உள்ளிருந்து கிளம்பி, வண்ணம் கொப்புளித்த பிறகுதான் வெளியே தெரியும்.

எனவே முழுப் பாடியையும் வெறும் தகடாகும் வரை சுரண்டி, பாஸ்பாரிக் அமிலக் கரைசலால் துடைத்துக் கழுவி உலர்த்தி, அன்றே எபாக்சி பிரைமர் அடித்தோம். இணைப்புகள் அனைத்திலும் சீலண்ட் இழுத்து, குறுக்குச் சட்டங்களின் உள்ளே மெழுகுக் கரைசலைப் பீய்ச்சி, தண்ணீர் தேங்கும் மூலைகளில் வடிதுளைகள் போட்டோம். எபாக்சியும் மெழுகும் புதுச்சேரிக் கடைகளில் கிடைத்தன. மேடுபள்ளம் மறைக்கும் பட்டியை மிகக் குறைவாகவே வைத்தோம். அதைக் கனமாக அப்பினால் ஜீப் தரும் அதிர்வில் வெடித்து, வெடிப்பின் வழியே ஈரம் இறங்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் அடிப்பகுதியைத் தூக்கிப் பார்த்ததில், பின் கதவின் கீல் ஒன்றைத் தவிர எங்கும் துரு இல்லை.

வண்ணம் பற்றி ஒரு வார்த்தை. ஜீப் என்றதும் பலரும் கேட்பது இராணுவப் பச்சை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 121-ஆம் விதி, ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறது. பட்டறைகள் கேட்டால் அடித்துக் கொடுத்துவிடும். சாலையில் பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளர். பதிவுச் சான்றில் உள்ள சாம்பல் நிறத்தையே நான் தொடர்ந்தேன்.

சட்டத்தின் மற்றப் பக்கங்களும் கவனத்துக்குரியவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. அளவும் வடிவமும் இருக்கைகளும் பழையபடியே உள்ள கூட்டைத்தான் கேட்டு வாங்க வேண்டும். பட்டறையினர் சற்று நீளமாக்கித் தருகிறோம், அகலமான சக்கரம் போடுகிறோம், முன்னால் கனமான இரும்புக் காப்புச் சட்டம் வைக்கிறோம் என்று ஆசை காட்டுவார்கள். காப்புச் சட்டத்துக்கு எதிராக மத்திய அமைச்சகம் 2017-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. வேலையைத் தொடங்குமுன் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் நேரில் கேட்டுவிடுவது நல்லது. புதுச்சேரியின் பிஒய் பதிவெண் கொண்ட பழைய ஜீப்பை மலிவாக வாங்கிக் கடலூரில் வைத்துக்கொள்பவர்கள், பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே ஓட்டினால் தடையில்லாச் சான்று பெற்று மறுபதிவு செய்தாக வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, பாடிக்கு மட்டும் ஏறத்தாழ 70,000 ரூபாய் ஆயிற்று. அதைப் பொருத்தி, துருவுக்குக் காப்பிட்டு, வண்ணம் பூசி முடிக்க அதற்கும் மேலாகவே ஆயிற்று. அப்படியிருந்தும், ஒட்டுப் போட்டே பாதியாகிவிட்ட பழைய தொட்டியை மறுபடியும் ஒட்டுவதைவிட இது மேல் என்றே கருதுகிறேன், ஏனெனில் ஒட்டுக்குக் கொடுக்கும் கூலி அடுத்த மழைக்குப் பின் மீண்டும் கேட்கப்படும். வாங்க நினைப்பவர்கள் மூன்றை எழுத்திலேயே கேட்டு வாங்கட்டும்: சிவப்பு ஆக்சைடு பூசாமல் வெறும் தகட்டில் எண்ணெய் தடவி அனுப்ப வேண்டும், குறுக்குச் சட்டங்கள் 16 கேஜில் இருக்க வேண்டும், எஞ்சின் பக்கச் சுவரிலும் தரையிலும் எந்தத் துளையும் போடக் கூடாது. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டுவதால் ஈ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டும் வரி ரசீதும் லாரியோடு வர வேண்டும், சேஸிஸ் எண்ணை அந்த ரசீதிலேயே குறிக்கச் சொல்லிவிட்டால் பின்னால் ஆய்வாளரிடம் காட்ட எளிதாக இருக்கும்.