பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒரு மூகா ரிசெர்வா

அம்மா படிக்கட்டில் விழுந்த அன்று ஆம்புலன்ஸில் கூடவே வந்தவர், லண்டனில் எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டி. அவருக்கு நன்றி சொல்ல, ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்து வைனான மூகா ரிசெர்வா வாங்கினேன். ரிசெர்வா என்றால் குறைந்தது 3 ஆண்டு முதிர்ந்திருக்க வேண்டும், அதில் ஓராண்டாவது ஓக் மரப் பீப்பாயில். இதைத் தயாரிக்கும் மூகா குடும்பத்தார் பீப்பாய்களையும் தாங்களே செய்கிறார்கள். முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து வைனைத் தெளிய வைப்பதால், சுத்த சைவக்காரர்களுக்கு இது வேண்டாம்.

பாட்டி அன்றே திறந்து எனக்கும் ஊற்றினார். முதல் வாய் கொஞ்சம் துவர்த்தது. அரை மணி கழித்து நாவல் பழமும் கிராம்பும் கலந்தாற்போல வாசம், தொண்டையில் அப்படியொரு மென்மை! ஆட்டுக்கறிக்கு அருமை.

கடையில் சுற்றிக் கொடுத்த தாள் வழியிலேயே கிழிந்துவிட்டது. அப்புறம் அம்மாவின் பட்டுப் பையில் வைத்துத்தான் கொடுத்தேன். பாட்டி அந்தப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.