மண்ணின் உப்பை அளக்கும் பேனா மீட்டர்: உப்பளச் சாலையோரத்தில் பயன்படுத்தியபின்

வாலிநோக்கம் உப்பளங்களிலிருந்து லாரிகள் வரும் சாலையின் ஓரத்தில் நட்ட வேம்பு, புங்கன் கன்றுகளின் இலைகள் கோடையில் நுனியிலிருந்து விளிம்பு வழியாகக் கருகி வந்தன. வண்டிகளிலிருந்து சிந்தும் உப்பு காரணமா, வெறும் வறட்சியா என்று அறியவே இந்த மின்கடத்துதிறன் மீட்டரை வாங்கினேன். விலை இரண்டாயிரம் ரூபாய்க்குள்தான்.

அந்தக் கேள்விக்குக் கருவி தெளிவாகவே பதில் தந்தது. ஒரு பங்கு உலர்ந்த மண்ணை இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீரில் கலக்கித் தெளியவிட்டு அளந்தபோது, தார் விளிம்பு மண் சற்றுத் தள்ளியிருந்த வேலியோர மண்ணைவிடப் பலமடங்கு கூடுதலாகக் காட்டியது. (கிணற்று நீரில் கலக்கினால் கிணற்றையும் சேர்த்தே அளப்போம், எங்கள் பகுதியில் அது சிறிய பிழையாக இராது.) உவர் நிலத்துக்குரிய, மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் (மின்கடத்துதிறனின் அலகு) என்ற எல்லை, நீர் ஊறிய மண்சேற்றிலிருந்து பிரித்த சாற்றுக்கு உரியது, நீர்த்த கலவையில் எண் குறைந்தே வரும். இதைக் கையேடு சொல்லாதது பெருங்குறை.

அதைவிடப் பெரிய குறை மழைக்குப் பின்னரே புலப்பட்டது. கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்கக் கொட்டப்படுவதும் பெரும்பாலும் இதே உப்பு, அதாவது சோடியம் குளோரைடுதான். அங்கே பனி உருகி ஓடும்போது குளோரைடு நீரோடு எளிதில் போய்விட, சோடியமோ களிமண் துகள்களைப் பற்றிக்கொண்டு கால்சியத்தையும் மக்னீசியத்தையும் வெளியேற்றிவிடுகிறது. பனிக்குப் பதிலாக வடகிழக்குப் பருவமழை என்று வைத்துக்கொண்டால், எங்கள் சாலையோரத்திலும் நடப்பது அதுதான். மழை ஓய்ந்ததும் மீட்டரின் எண் வெகுவாக இறங்கியது. மண் தேறிவிட்டது என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் மீட்டர் காட்டுவது நீரில் கரைந்த உப்பை மட்டுமே; அது கழுவப்பட்டு, களியைப் பற்றிய சோடியம் மிஞ்சும் அந்த நிலையில்தான் களி கலைந்து, மண்ணின் துளைகள் அடைபட்டு, மேற்பரப்பு ஓடுபோல இறுகுகிறது. கன்றுகளைச் சுற்றிய பாத்தியில் நீர் இறங்காமல் தேங்கியே நின்றது.

உவர் மிகுந்த இடத்தைத் தவிர்த்துக் குழியெடுக்கவும், பாசன நீரைச் சோதிக்கவும் இம்மீட்டர் போதும், அதற்காக வாங்கலாம். அந்தச் சோடியத்தை நீக்க ஜிப்சம் இடுவதை மட்டும் இதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அதற்கு மண் பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுத்து, பரிமாற்றச் சோடியம் (களிமண் துகள்கள் பற்றியுள்ள அயனிகளில் சோடியத்தின் பங்கு) 15 விழுக்காட்டைத் தாண்டியுள்ளதா என்று கேட்டறிய வேண்டும்.